வன்னிக்குத் தொண்டு செய்ய வரும் பிள்ளைகளுக்கு: பெட்டி அடுக்க முதல் வாசிக்க

இலங்கையின் வடக்கே, வன்னியில் இருக்கிற விசுவமடுவில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. லண்டன், ரொறன்ரோ, ஒஸ்லோ, சிட்னி. இரண்டு கிழமை நின்றவர்களும் உண்டு, ஆறு மாதம் நின்றவர்களும் உண்டு. வந்து இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன். எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிக்க வரும் என்றால் அம்மம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவ இடையில் நிறுத்தித் தன் கதையையும் சொல்லுவா. அவசரப்படுத்தாதீர்கள்.

கூப்பிட்டது யார்?

ரிக்கற் போடுவதற்கு முதல் இதற்குப் பதில் வேண்டும். ஒரு பள்ளிக்கூடமோ சங்கமோ முன்பள்ளியோ "இன்ன வேலைக்கு ஆள் வேண்டும்" என்று கேட்டிருக்கிறதா, அல்லது வரவேண்டும் என்ற ஆசை உங்களுக்கு மட்டும்தானா? ஆசை பிழையில்லை. ஆனால் ஆசையோடு மட்டும் வந்தால் உங்களுக்கு வேலை தேடித் தருவதே எங்களுக்கு ஒரு வேலையாகிவிடும்.

ஒருமுறை ஆறு பேர் சேர்ந்து வந்து முன்பள்ளிச் சுவருக்கு வர்ணம் பூசினார்கள். யானையும் மயிலும் வடிவாகத்தான் இருந்தன. அதே ஒழுங்கையில் பெயின்ற் அடித்துப் பிழைக்கிற ஒருவர் அந்தக் கிழமை முழுக்க வேலையில்லாமல் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பேரின் விமானச் செலவு தனக்கு எத்தனை மாதக் கூலி என்று பிறகு எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். சிரித்துக்கொண்டுதான் காட்டினார்.

ஊரிலே ஆள் இருக்கிற வேலைக்கு வராதீர்கள். இங்கே உண்மையில் குறைவது வேறு: ஆங்கிலம் கதைத்துப் பழக ஆள், சாதாரண தரக் கணிதத்துக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க ஆள், கணினியில் கடிதமும் கணக்கும் போடப் பழக்க ஆள், பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பயிற்ற ஆள், மாதர் சங்கத்துக்கு வரவு செலவுப் புத்தகம் ஒழுங்காக எழுதக் காட்ட ஆள். இரண்டு நாள் பயிற்சி எடுத்துவிட்டு "உளவளத்துணை" செய்ய வருகிறேன் என்பவர்களை நான் ஏற்பதில்லை. திறந்துவிட்ட புண்ணுக்கு யார் மருந்து கட்டுவது? அவர்கள் அடுத்த கிழமை விமானத்தில் இருப்பார்கள்.

பள்ளிக்கூடத்துக்குள் வேலை என்றால் அதிபர் ஓம் என்றால் மட்டும் போதாது. வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும். அதற்குக் கிழமைக் கணக்கில் நாள் போகும். ஆகவே மூன்று மாதத்துக்கு முன்பே கதையைத் தொடங்குங்கள்.

விசா

சுற்றுலாவுக்கு என்று எடுக்கும் ஈ.ரி.ஏ. அனுமதியில் வந்து வேலை செய்ய முடியாது. சம்பளம் இல்லாத வேலையும் அதற்குள் அடக்கம். சொந்தக்காரரைப் பார்க்கலாம், ஊர் சுற்றலாம், அவ்வளவுதான். தொண்டராக நின்று வேலை செய்வதென்றால், அழைக்கும் அமைப்பு பதிவு பெற்றதாக இருந்து, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் உங்களுக்கு வதிவிட விசா கேட்கவேண்டும். "எல்லாரும் அப்பிடித்தான் வருகினம், ஒண்டும் நடக்காது" என்று சித்தப்பா சொல்லுவார். பிரச்சினை வந்தால் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பொலிசுக்கும் அலைவது உங்களைத் தங்கவைத்த வீடுதான், சித்தப்பா அல்ல.

எப்போது வருவது

பல்கலைக்கழக விடுமுறை ஜூலை, ஓகஸ்ட் என்பதால் பிள்ளைகள் அப்போதுதான் வருவார்கள். இங்கே பள்ளிக்கூடங்களும் வழக்கமாக ஓகஸ்டில்தான் விடுமுறை விடும்! பூட்டிய கேற்றைப் பார்த்து நின்றவர்கள் பலர். தவணை நாட்காட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, முதலில் அதைக் கேளுங்கள். அந்த மாதங்களில் சோளகம் புழுதியை வாரி அடிக்கும், கிணறு வற்றும். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மாரி. காலபோக வயல் பச்சைப்பசேல் என்று கிடக்கும், ஆனால் உள்வீதிகள் சேறாகும். 2018 டிசம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. என்னைக் கேட்டால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை வாருங்கள். பொங்கலும் அறுவடையும் பார்க்கலாம், வெயிலும் தாங்கும்.

பெட்டிக்குள்

குறைவாகக் கொண்டு வாருங்கள். பழைய உடுப்பு மூட்டை வேண்டாம். இங்கே கடைகளில் உடுப்பு இருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு ரோஷமும் இருக்கிறது. பற்றறி செத்த மடிக்கணினி வேண்டவே வேண்டாம். மூலையில் அப்படி நாலு கிடக்கிறது, வேண்டுமானால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

வேண்டியவை: தோளும் முழங்காலும் மூடுகிற பருத்தி உடுப்பு, கோயிலுக்கு ஒரு பாவாடை அல்லது வேட்டி, ரோர்ச் லைற், நுளம்பு எண்ணெய், தொப்பி, வழக்கமாகக் குடிக்கும் மருந்து சீட்டோடு. இங்கே மின்சாரம் 230 வோல்ட். லண்டன் பிளக் பெரும்பாலும் கொழுவும். கனடாவிலிருந்து வருகிறவர்களின் தலைமுடி காயவைக்கும் மெஷின் முதல் நாளே புகைந்துவிடும். புறப்பட ஆறு கிழமைக்கு முன் வைத்தியரிடம் ஏற்புவலி (டெட்டனஸ்), நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்), மஞ்சட்காமாலை ஊசிகளைப் பற்றிக் கேளுங்கள். மலேரியா பயம் வேண்டாம், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்துவிட்டது. டெங்கு மட்டும் போகவில்லை.

புலிச் சின்னம் போட்ட ரீசேட், கொடி, சங்கிலி எதுவும் வேண்டாம். அங்கே நீங்கள் அணிவது உங்கள் விருப்பம். இங்கே அது சட்டப்படி தடை, கேள்வி வந்து நிற்பது உங்களுக்குச் சோறு போட்ட வீட்டு வாசலில். ட்ரோன் கமராவும் அப்படித்தான், அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

வந்து சேருவது

கொழும்பிலிருந்து இரண்டு வழி. ரெயினில் கோட்டையில் ஏறினால் வவுனியா, மாங்குளம் தாண்டிக் கிளிநொச்சியில் இறங்கலாம். போரில் தண்டவாளமே இல்லாமற்போன பாதை இது. 2013இல் கிளிநொச்சிவரை வந்தது, அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் போனது. பகலில் ஜன்னலோரம் இருந்து வருவதானால் ரெயின்தான் வடிவு.

மற்றது வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் இரவு பஸ். ஏ9 வீதியால் வந்து விடியற்புறம் பரந்தன் சந்தியில் இறக்கிவிடும். நடத்துநரிடம் ஒருமுறை, சாரதியிடம் ஒருமுறை சொல்லி வையுங்கள், போனிலும் அலாரம் வையுங்கள். போன வருடம் ஒரு தம்பி நித்திரையாகி ஆனையிறவு, பளை எல்லாம் தாண்டி யாழ்ப்பாணத்தில் கண் விழித்தார். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியில் பஸ் இருக்கிறது, விடியமுன் என்றால் ஓட்டோ. ஓட்டோவுக்கு ஏறமுதலே விலை பேசுங்கள். பரந்தனுக்கு முதல், ஏ9 வழியில் முறிகண்டியில் வாகனம் நின்றால் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டுக் கச்சான் வாங்குங்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் கச்சான் மட்டும் வாங்கலாம்.

ஊருக்குள் சைக்கிள்தான். ஒரு பழைய லுமாலா ஒழுங்கு செய்து தருவோம். மோட்டார் சைக்கிளை யாரிடமும் இரவல் வாங்காதீர்கள். வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் வைத்து ஓட முடியாது, இங்குள்ள அனுமதியும் வேண்டும். இருட்டினால் மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கக் காட்டு வீதிகளில் போகவேண்டாம். யானைக்கு ஹோர்ண் அடித்தால் விலகும் என்று நினைத்தவர்கள் திரும்பி ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

வந்த மறுநாளே கிராம அலுவலரிடம் போய் முகம் காட்டுங்கள், கடவுச்சீட்டுப் பிரதி ஒன்றைக் கொடுங்கள். விதானையார் என்றுதான் இன்னும் சனம் சொல்லும். ஊருக்குப் புது ஆள் வந்தால் சிவில் உடுப்பில் வந்து "ஆர் இவை, எவ்வளவு நாள்?" என்று விசாரிப்பது இங்கே நடக்கிற காரியம். முன்கூட்டியே பதிந்திருந்தால் வீட்டுக்காரருக்கு நெஞ்சிடி இல்லை.

வீட்டில்

தங்கப்போவது பெரும்பாலும் வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. இரண்டு அறையில் ஒன்றை உங்களுக்கு விட்டுவிட்டு மற்றதில் ஐந்து பேர் படுப்பார்கள். அதைக் கவனியுங்கள், ஆனால் அதைச் சொல்லி அழுது அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். தங்கும் செலவை வீட்டு அம்மா கையில் வாங்கமாட்டா. எங்கள் சங்கத்திடம் கொடுங்கள், நாங்கள் சேர்ப்போம். அல்லது சனிக்கிழமை சந்தையில் அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, பால்மா வாங்கிப் பேசாமல் குசினியில் வையுங்கள்.

குளிப்பு கிணற்றடியில். மறைப்பு இல்லாத கிணறு என்றால் பெண் பிள்ளைகள் குறுக்குக்கட்டோடு குளிப்பார்கள், வீட்டு அக்காவிடம் கட்டப் பழகுங்கள். விடியவும் பின்னேரமும் யார் எப்போது குளிப்பது என்பதற்கு வீட்டுக்கு வீடு ஒரு வரிசை உண்டு, அதற்குள் நுழையாதீர்கள். கொதித்தாறிய தண்ணீர் மட்டும் குடியுங்கள். சில இடத்தில் தண்ணீர் உவர், சில இடத்தில் கல்சியம் படிந்து கேத்திலே வெள்ளையாகும். மாதவிடாய்த் துவாய் விசுவமடு, புதுக்குடியிருப்புக் கடைகளில் கிடைக்கும். எங்கே போடுவது என்று வெட்கப்படாமல் அக்காவிடம் கேளுங்கள், மலசலகூடக் குழிக்குள் போடாதீர்கள்.

சாப்பாட்டில் உறைப்பு கூடத்தான். தட்டில் இன்னும் இன்னும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். "வேண்டாம்" என்றால் மனம் நோகும். "காணும் அம்மா" என்று சொல்லிக் கையால் தட்டை மறையுங்கள். மூன்றாம் தடவைதான் நம்புவார்கள்.

நிலமும் பாம்பும்

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகள் பல வருடமாக வெடிகளை அகற்றி வருகின்றன. அந்த வேலையில் நிற்பவர்களில் பலர் எங்கள் ஊர்ப் பெண்கள். மக்கள் குடியிருக்கிற, நடமாடுகிற இடங்களில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வேண்டாம். படம் எடுக்கவும் வேண்டாம், சிறுநீர் கழிக்கவும் வேண்டாம். பற்றைக்குள் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாதீர்கள், உதைக்காதீர்கள், நினைவுப்பொருள் என்று எடுக்காதீர்கள். வந்த கால்தடத்திலேயே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

மிதிவெடியைவிட நாளாந்தம் கவனிக்க வேண்டியது பாம்பு. நாகம், கண்ணாடிப் புடையன், சுருட்டை எல்லாம் உண்டு. இரவில் ரோர்ச் இல்லாமல் முற்றத்துக்கும் இறங்காதீர்கள். சப்பாத்தைத் தட்டிவிட்டுப் போடுங்கள். பாயில் படுத்தால் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். நித்திரையில் வந்து கடிக்கிற பாம்பும் இருக்கிறது. கடித்தால் இறுக்கிக் கட்டவும் கூடாது, கீறவும் கூடாது. அசையாமல் இருந்து 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை, 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. பார்வை பார்க்கிற (நாட்டு விஷவைத்தியம் செய்கிற) ஐயாவிடம் முதலில் போகச் சொல்லி வீட்டுப் பெரியவர் கேட்கலாம். விஷ முறிவு மருந்து அரச ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. ஐயாவைப் பிறகு பார்க்கலாம். தெருநாய் கடித்தாலும் அதே ஆஸ்பத்திரிதான், அன்றே. வயலுக்குள் இறங்க ஆசைப்பட்டால் காலில் புண் இருக்கக்கூடாது, எலிக்காய்ச்சல் சேற்றுத் தண்ணீரால் வரும். இறங்க முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை கேளுங்கள்.

கதை

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இதில்தான்.

முதலில் உங்களைக் கேட்பார்கள். "ஆற்றை பிள்ளை? எந்த ஊர்? அங்க பேப்பர் கிடைச்சிட்டுதோ? மாசம் எவ்வளவு எடுக்கிறியள்? கலியாணம்?" இது துருவுதல் அல்ல, உங்களை எந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது என்ற தேடல். சிரித்துக்கொண்டு தெரிந்ததைச் சொல்லுங்கள், சம்பளத்தை மட்டும் "செலவுக்குக் காணும்" என்று விடுங்கள். ஆனால் "எந்த ஊர், ஊரில எந்தப் பக்கம்?" என்று இரண்டாம் தரம் கேட்டால் அதற்குள் சாதி ஒளிந்திருக்கும். "அம்மாவைத்தான் கேக்கவேணும்" என்பது நல்ல பதில். நீங்கள் அதைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

எல்லாரும் ஒரே பூர்வீகம் என்றும் நினைக்காதீர்கள். வன்னியின் பல குடியிருப்புகளில் 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தமிழும் ஒருவிதம், குளத்தடிப் பழைய ஊர்க்காரர் தமிழ் இன்னொருவிதம், யாழ்ப்பாணத்திலிருந்து காணி பெற்று வந்தவர்கள் தமிழ் வேறு. ஒன்றைச் சரி என்றும் மற்றதைப் பிழை என்றும் பிள்ளைகள் முன் சொல்லிவிட்டால் உங்கள் வகுப்பு அன்றோடு முடிந்தது.

போரைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்கவே கூடாதா என்று ஒரு தங்கச்சி கோபப்பட்டா, "அதுக்குத்தானே வந்தனான்" என்றா. மூன்றாம் கிழமை, மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த நேரம், வீட்டு அம்மா தானாகவே சொல்லத் தொடங்கினா. இரண்டு மணித்தியாலம். அந்தப் பிள்ளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, போனை எடுக்கவில்லை, காம்பு கிள்ளுவதை நிறுத்தவும் இல்லை. அப்படித்தான் இருக்கவேண்டும். சொல்லப்பட்டதை முகநூலில் போடுவதற்கு உங்களுக்கு உரிமை இல்லை, பெயரை மாற்றினாலும் ஊருக்கு ஆள் தெரியும்.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டம் தொடங்கினார்கள். படத்தை நெஞ்சோடு அணைத்து இருக்கிற தாய்மாரைப் படம் எடுக்க விருப்பமென்றால் முதலில் பக்கத்தில் போய் இருங்கள். மே 18 நினைவு நாளுக்கு நிற்பீர்களானால் முள்ளிவாய்க்கால் கஞ்சி தருவார்கள், அரிசியும் உப்பும் தண்ணீரும்தான். வாங்கிக் குடியுங்கள். அங்கே செல்ஃபி எடுத்த ஒருவரை வீட்டுக்காரர் இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று: இங்கே முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லமாட்டார்கள். "பாப்பம்" என்றால் பெரும்பாலும் இல்லை. "பேந்து சொல்லுறன்" என்றால் உறுதியாக இல்லை. "ஓம் ஓம், வாறன்" என்றவர் வராவிட்டால் உங்கள் நேரம் அவருக்குத் தோதில்லை என்று அர்த்தம். பொய் சொன்னார் என்று எழுதி வைக்காதீர்கள்.

வாக்குக் கொடுக்காதீர்கள்

நோர்வேயிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி, நல்ல பிள்ளை, பள்ளிக்கு நாலு கிலோமீற்றர் நடந்து வரும் ஏழாம் வகுப்புப் பெடியனிடம் "போனதும் உனக்கு ஒரு சைக்கிளுக்குக் காசு அனுப்புவன்" என்றா. மனசாரத்தான் சொன்னா. போனதும் சோதனை, பகுதிநேர வேலை, மறந்துபோனா. பெடியன் ஒரு வருடம் ஒவ்வொரு வெள்ளியும் என்னிடம் வந்து "ரீச்சர், அக்கா கோல் எடுத்தவவோ?" என்று கேட்டான். பிறகு கேட்பதை விட்டான். சைக்கிளை நாங்கள் எப்படியோ பிடித்துக் கொடுத்தோம். அவன் வாங்கினான், ஆனால் அதன்பின் வந்த எந்தத் தொண்டருடனும் கதைக்கவில்லை.

அதனால் எங்கள் விதி: நிற்கும் காலத்தில் யாருக்கும் தனியாகக் காசோ பொருளோ வாக்கோ கிடையாது. திரும்பிப் போய் இரண்டு மாதத்துக்குப் பிறகும் கொடுக்கும் எண்ணம் இருந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள், கூட்டத்தில் வைத்து முடிவெடுப்போம். ஸ்பொன்சர் கேட்பார்கள், மகனை வெளியே எடுக்க வழி கேட்பார்கள். "எனக்கு அந்த அதிகாரம் இல்லை அம்மா" என்று அன்றே தெளிவாகச் சொல்லுங்கள். "பாப்பம்" என்ற சொல்லை நீங்கள் பாவிக்கக்கூடாது. உங்கள் வாயிலிருந்து வந்தால் அது ஓம் என்றே கேட்கும். கிழமைக் கடன் கட்டப் பெண்கள் திண்டாடுவதைப் பார்ப்பீர்கள், நுண்கடன் கம்பனிக்காரர் வாசலில் நிற்பார்கள். ஒரு தவணையை நீங்கள் கட்டிவிட்டால் அடுத்த கிழமை ஒழுங்கை முழுக்க உங்களிடம் வரும், யாருக்கு இல்லை என்பீர்கள்?

வேலையை விட்டுப்போகிற விதத்தில் செய்யுங்கள். லண்டனிலிருந்து வந்த ஒரு தம்பி ஆங்கில வகுப்பைத் தான் எடுக்காமல், எங்கள் உயர்தரப் பிள்ளைகள் இருவரைப் பக்கத்தில் வைத்து எடுப்பித்தார். சந்தையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் கதைக்கிற வசனங்களைத் தன் குரலில் பதிந்து போனில் போட்டுவிட்டுப் போனார். இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை வகுப்பில் அந்தக் குரல் ஓடுகிறது. அவருடைய முகத்தைத் தெரியாத பிள்ளைகள் அவருடைய லண்டன் உச்சரிப்பில் "எக்ஸ்கியூஸ் மீ" என்கிறார்கள்.

திரும்பும்போது

"போறன்" என்று சொல்லாதீர்கள், இங்கே அது கூடாத சொல். "போட்டு வாறன்". பெட்டியில் ஐந்து கிலோ இடம் விட்டு வையுங்கள், மறுக்க விடமாட்டார்கள்: மிளகாய்த்தூள், ஒடியல், பனங்கட்டி, முருங்கைக்காய், கருவாடு. கருவாட்டை மூன்று பையில் சுற்றினாலும் மணக்கும். அவுஸ்திரேலியாவுக்குப் போகிற பிள்ளைகள் விமானத்தில் தரும் படிவத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள், ஒளித்தால் தண்டம். சிட்னித் தம்பி எழுதினார். தூளை விட்டார்களாம், முருங்கைக்காயை எடுத்துவிட்டார்களாம்.